காப்புறுதி மோசடியும் பற்றுச்சீட்டைக் கேட்கத் தயங்கும் பழக்கமும்

கடையில் அரிசி வாங்குபவர் அதில் கல் கலந்திருக்கின்றதா என்பதை அன்றிரவே அறிந்து கொள்கின்றார். காப்புறுதி வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. என்றோ ஒரு நாள் தீயோ விபத்தோ மரணமோ நேர்ந்தால் இன்ன தொகை வழங்கப்படும் என்ற ஒரு வாக்குறுதியையே அவர் இன்று பணம் கொடுத்து வாங்குகின்றார். அவ்வாக்குறுதி மெய்யா பொய்யா என்பது, இழப்பு நேர்ந்து, கையில் வேறு வழியேதும் இல்லாத நிலையிலேயே பெரும்பாலும் தெரிய வருகின்றது. பத்து ஆண்டுகளாகப் பணம் செலுத்தி வந்த ஒருவர் தாம் ஏமாற்றப்பட்டிருப்பதை அறியாமலேயே நிம்மதியாக உறங்கியிருக்க முடியும். ஏனைய மோசடிகளிலிருந்து காப்புறுதி மோசடியை வேறுபடுத்துவது இந்தத் தாமதமேயாகும்.

கண்டி நகரையும் அதனைச் சூழவுள்ள ஊர்களையும் பொறுத்தவரை இவ்விடயம் ஒரு சில வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதன்று. டி.எஸ். சேனாநாயக்க வீதியிலும் கொழும்பு வீதியிலும் கடை வைத்திருக்கும் வர்த்தகர், பேராதனை வீதியில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வேன் உரிமையாளர், தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கங்களில் தோட்டத்தை நம்பி வாழும் குடும்பம், அக்குறணையிலிருந்தும் மடவளையிலிருந்தும் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றவரின் வீட்டார் என எல்லோரும் ஏதோ ஒரு வகையில் காப்புறுதியோடு தொடர்புபட்டவர்களாகவே உள்ளனர். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இன்றி வாகனம் ஒன்றைப் பாதையில் செலுத்துவதை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கின்றது. ஆகவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் காப்புறுதிதாரரேயாவர்.

நமது நாட்டில் 1962இல் ஆயுள் காப்புறுதியும் 1964இல் ஏனைய காப்புறுதிகளும் அரச கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாக்கப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. ஒரே நிறுவனம் இருந்த காலத்தில் "யாருடைய காப்புறுதி?" என்று கேட்க வேண்டிய தேவை எழவில்லை. இன்று அவ்வாறன்று. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதித் தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட கம்பனிகள் மட்டுமே இத்தொழிலை நடத்தலாம். இலங்கைக் காப்புறுதிச் சபையாக இருந்து, 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் பெயர் மாற்றம் பெற்ற இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அக்கம்பனிகளின் பெயர்ப் பட்டியலைத் தனது இணையத்தளத்தில் வெளியிடுகின்றது. பட்டியலில் இல்லாத எந்த நிறுவனத்துக்கும், அது எவ்வளவு கவர்ச்சியான அலுவலகம் வைத்திருந்தாலும், காப்புறுதி விற்கும் உரிமை கிடையாது.

எனினும், நமது பகுதிகளில் மோசடிகள் பெரும்பாலும் போலிக் கம்பனிகளால் நிகழ்வதில்லை. உண்மையான கம்பனியின் பெயரில், தெரிந்த முகத்தின் வழியாகவே அவை வீட்டுக்குள் நுழைகின்றன. முகவராக வருபவர் உறவினரின் மகனாக இருப்பார். கோயில் திருவிழாவில் முன்னின்று உழைப்பவராக இருப்பார். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுபவராக இருப்பார். மாதாமாதம் வீட்டுக்கே வந்து தேநீர் அருந்தி, கட்டுப்பணத்தைக் கையில் வாங்கிச் செல்வார். ஆரம்பத்தில் பற்றுச்சீட்டு வரும். பின்னர் "அடுத்த முறை சேர்த்துத் தருகின்றேன்" என்பார். கேட்டால் அவர் மனம் நோகுமே என்று வீட்டார் கேட்பதில்லை. பணம் கம்பனியைச் சென்றடையாமல் அவரது சட்டைப் பையிலேயே தங்கிவிட்டால், குறித்த சலுகைக் காலத்தின் பின்னர் காப்புறுதி காலாவதியாகிவிடும். அதனைத் தெரிவிக்கும் கடிதமும் சில வேளைகளில் முகவர் படிவத்தில் எழுதிக் கொடுத்த வேறொரு முகவரிக்கோ, அவரது சொந்தத் தொலைபேசி இலக்கத்துக்கோ சென்றுகொண்டிருக்கும்.

நம்மவர் மத்தியில் பற்றுச்சீட்டு கேட்பது ஒருவரைச் சந்தேகிப்பதாகக் கருதப்படுகின்றது. இது நமது சமூகங்களின் பண்பாட்டு மரபு என்று கூறுவாரும் உளர். அக்கூற்று சரியன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைத்துக் கொள்வதைப் பற்றியதாகும். தமிழர் வரலாற்றிலும் தானமாயினும் கடனாயினும் கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் பொறித்து வைத்ததற்குச் சான்றுகள் ஏராளம். எழுத்தைக் கேட்பது நமது மரபுக்கு முரணானதன்று. கேட்கக் கூச்சப்படுவதே பிற்காலத்தில் வந்து சேர்ந்த பழக்கமாகும். நேர்மையான முகவர் எவரும் இதனால் மனம் நோக மாட்டார். அவரையும் பாதுகாப்பது அந்தப் பற்றுச்சீட்டே.

ஆகவே, பணத்தை இயன்றவரை கம்பனியின் கிளையிலோ வங்கி மூலமாகவோ கம்பனியின் கணக்குக்கே நேரடியாகச் செலுத்துவது நல்லது. முகவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வைப்பிலிடுமாறு கேட்கப்பட்டால் அத்துடன் அப்பேச்சை நிறுத்திவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண்டியிலுள்ள கிளை அலுவலகத்துக்கு அடையாள அட்டையுடன் சென்று, தமது பத்திரம் நடைமுறையில் உள்ளதா, இதுவரை எவ்வளவு பணம் வரவு வைக்கப்பட்டுள்ளது, எந்த முகவரியும் தொலைபேசி இலக்கமும் பதிவாகியுள்ளன என்பவற்றைக் கேட்டு அறிந்து கொள்ள வேண்டும். இதற்கு அரை நாள் போதும்.

வாகனக் காப்புறுதியிலும் இதே கதைதான். வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரத்தைப் பெறுவதற்கு புகைச் சான்றிதழும் காப்புறுதிச் சான்றிதழும் தேவைப்படுகின்றன. கடைசி நாளில் அலுவலக வாசலில் நிற்பவர்களிடம் "எல்லாவற்றையும் செய்து தாருங்கள்" என்று ஒப்படைப்பவர்களின் கைக்குப் போலிச் சான்றிதழ் வந்து சேரும் ஆபத்து உண்டு. சான்றிதழிலுள்ள இலக்கத்தைக் கம்பனியின் பொதுத் தொலைபேசிக்கு அழைத்துச் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் செல்லும். இதைவிடப் பரவலான இன்னொரு சிக்கலும் உண்டு. தனிப்பட்ட பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வேனை வாடகைக்கு ஓட்டுவது கண்டியில் சர்வசாதாரணம். கடுகண்ணாவை வளைவில் விபத்து நேர்ந்து, உள்ளே பணம் கொடுத்துப் பயணித்தவர்கள் இருந்தார்கள் என்பது வெளிப்பட்டால், கம்பனி இழப்பீட்டை மறுக்கக் கூடும். "எப்படி ஓட்டினாலும் பரவாயில்லை, நான் பார்த்துக் கொள்கின்றேன்" என்று முகவர் சொல்லியிருந்தாலும் அச்சொல் அன்று உதவப் போவதில்லை.

சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியே மிகப் பெரிய குழியாகும். காப்புறுதி ஒப்பந்தம் அதியுயர் நம்பிக்கைத் தத்துவத்தின் மீது கட்டப்பட்டது. அதாவது, காப்புறுதி செய்பவர் தமது நோய், வயது, தொழில், சொத்தின் நிலை முதலிய முக்கிய விடயங்கள் அனைத்தையும் முன்மொழிவுப் படிவத்தில் மறைக்காது தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் என்ன நிகழ்கின்றது? படிவம் ஆங்கிலத்தில் உள்ளது. முகவரே அதனை நிரப்புகின்றார். சலரோகமும் இரத்த அழுத்தமும் உண்டு என்று வீட்டுத் தலைவர் வாயால் சொல்கின்றார். "அதை எழுதினால் சிக்கல்" என்று முகவர் "இல்லை" என்ற கட்டத்தில் அடையாளமிடுகின்றார். சில சமயம் வெற்றுப் படிவத்திலேயே கையொப்பம் பெறப்படுகின்றது. பின்னாளில் அவர் இறந்து, மனைவி இழப்பீடு கோரும்போது, கண்டி பொது வைத்தியசாலையின் சிகிச்சை அட்டை வெளியே வருகின்றது. உண்மையை மறைத்தவர் முகவர். ஆனால் கையொப்பம் இறந்தவருடையது. பொய்யுரைத்தவர் என்ற பழியும் அக்குடும்பத்துக்கே வந்து சேர்கின்றது. இதனைக் கம்பனி செய்த மோசடி என்று உறவினர் கூறுவர். காப்புறுதிதாரர் செய்த மோசடி என்று கம்பனி கூறும். உண்மையில் மோசடி நிகழ்ந்தது, தரகுப் பணத்துக்காக ஒரு கட்டத்தில் இடப்பட்ட அந்தச் சிறு அடையாளத்திலேயாகும்.

தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளுள் ஒன்று. தமிழ்ப் படிவத்தைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. தமிழ்ப் படிவம் கிடைக்காதவிடத்து, வாசித்து விளங்கக் கூடிய மகனோ மகளோ ஆசிரியரோ வரும்வரை கையொப்பத்தைத் தள்ளி வைப்பதனால் எதுவும் குடிமுழுகிப் போவதில்லை. நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றைப் பெற்று வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்குக் கிடைத்தபின், விருப்பமில்லையெனில் அதனைத் திருப்பியளிப்பதற்கான நாட்கள் அப்பத்திரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். பத்திரத்தைப் பிரிக்காமலேயே அலுமாரியில் பூட்டி வைப்பவர்கள் அந்த நாட்களை இழந்து விடுகின்றனர்.

கண்டி மாவட்ட மக்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக் கொண்ட பாடம் ஒன்றும் உண்டு. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் ஆரம்பித்த வன்செயல்கள் அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களுக்கும் பரவின. முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கடைக்குத் தீக் காப்புறுதி எடுத்திருந்தால் கடை எரிந்தமைக்கு இழப்பீடு கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், சாதாரணத் தீக் காப்புறுதி கலகக்காரர் வைத்த தீயை உள்ளடக்குவதில்லை. வேலைநிறுத்தம், கலகம், மக்கள் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தித் தனியாகப் பாதுகாப்புப் பெற வேண்டும். 1983 கலவரத்தின் பின்னணியில் இதற்கென அரசாங்கம் நிதியமொன்றை உருவாக்கியது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் நிர்வாகத்தின் கீழ் அது பின்னர் கொண்டுவரப்பட்டது. 1983ஐயும் 2018ஐயும் கண்ட மண்ணில், கடைக்காரர் ஒருவருக்குக் காப்புறுதி விற்கும் முகவர் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விடுவது வெறும் மறதியாகக் கருதத்தக்கதன்று. கட்டுப்பணத்தைக் குறைத்துக் காட்டி வியாபாரத்தைப் பிடிப்பதற்காக அது விடப்படுமாயின் அதுவும் ஒருவகை ஏமாற்றே.

வெள்ளமும் அப்படியே. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் அக்குறணை நகரின் கடைகளுக்குள் நீர் புகுவது அனைவரும் அறிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'தித்வா' சூறாவளியின்போது மண்சரிவினாலும் மகாவலி கங்கையின் பெருக்கினாலும் கண்டி மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வெள்ளம், சூறாவளி, மண்சரிவு ஒவ்வொன்றும் பத்திரத்தில் பெயர் குறித்து உள்ளடக்கப்பட்டுள்ளதா என்பதைத் தனித்தனியே கேட்க வேண்டும். காப்புறுதித் தொகையும் இன்றைய பெறுமதிக்கு ஏற்ப இருத்தல் வேண்டும். ஒரு கோடி ரூபா பெறுமதியான பொருட்களை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு 20 இலட்சம் ரூபா நட்டம் ஏற்பட்டால், சராசரி விதியின்படி 10 இலட்சமே கிடைக்கும். 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தபோது பொருட்களின் விலையும் ஏறியது. பழைய தொகையையே ஆண்டுதோறும் புதுப்பித்து வருவோர் தம்மையறியாமலேயே இந்நிலைக்குள் தள்ளப்பட்டுள்ளனர். இது மோசடியன்று. ஆனால் விளக்கம் பெறாதவருக்கு மோசடியாகவே தோன்றும்.

இனி, காப்புறுதியை வைப்புப் பணம் போலக் காட்டி விற்கும் தந்திரத்தைப் பார்ப்போம். "வங்கியை விட அதிக இலாபம், வேண்டிய நேரத்தில் மீளப் பெறலாம்" என்று கூறப்படும். ஆயுள் காப்புறுதியை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கைவிட்டால் கட்டிய பணத்தில் பெரும்பாலும் எதுவும் மீளக் கிடைப்பதில்லை. இருக்கும் பத்திரத்தைக் கைவிட்டுப் புதிய பத்திரம் எடுக்குமாறு வற்புறுத்தப்படும்போது, முதலாண்டுத் தரகுப் பணமே அதிகம் என்பதை நினைவில் கொள்வது நல்லது. நிறுவனக் குழுமத்தின் பெயரை நம்பிப் பணம் இடுவதிலும் அவதானம் தேவை. 2008 டிசம்பரில் 'கோல்டன் கீ' கடனட்டைக் கம்பனி நிலைகுலைந்தபோது, சுமார் ஒன்பதாயிரம் பேரின் 2,600 கோடி ரூபாவரையிலான பணம் சிக்கிக் கொண்டது. வைப்புப் பணம் ஏற்பதற்கு மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. பிரபலமான 'செலிங்கோ' என்ற குழுமப் பெயரே பலரின் நம்பிக்கைக்குக் காரணமாயிற்று. அதே பெயரைத் தாங்கிய காப்புறுதிக் கம்பனியோ தனியான சட்ட நிறுவனமாகத் தொடர்ந்து இயங்கியது. கோல்டன் கீயின் கடன் அதனைச் சாரவில்லை. பெயர்ப்பலகை ஒன்றாக இருப்பதனால் பொறுப்பும் ஒன்றாகிவிடாது.

'ஹலால்', 'வட்டியில்லா முதலீடு' என்ற சொற்களும் இவ்வாறே பயன்படுத்தப்படுகின்றன. இந்தியாவின் பெங்களூரில் 'ஐ.எம்.ஏ.' என்ற நிறுவனம் மார்க்க முறைப்படியான முதலீடு எனக் கூறிப் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் நிறுவுனர் நாட்டை விட்டு வெளியேறி, ஜூலையில் திரும்பியபோது டில்லியில் கைது செய்யப்பட்டார். நமது நாட்டில் தகாபுல் முறைக் காப்புறுதி 1999 முதல் இருந்து வருகின்றது. மார்க்க அடிப்படையில் அதனைத் தெரிவு செய்வோர், முதலில் அந்நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்பதைப் பார்த்துவிட்டு, அதன் பின்னர் மார்க்க அறிஞரின் சான்றிதழைப் பார்க்கலாம்.

வெளிநாடு செல்வோருக்கு, வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வதனூடாகக் காப்புறுதிப் பாதுகாப்பு கிடைக்கின்றது. சுற்றுலா விசாவில் அனுப்பி வைக்கும் உப முகவர் "இன்சூரன்ஸ் காசு" என்று தனியாக வாங்கினால் அதற்கான பத்திரத்தைப் புறப்படும் முன்னரே கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசி மோசடி அண்மைக் காலத்தது. "உங்கள் பழைய காப்புறுதி முதிர்ச்சியடைந்துள்ளது, வரியை மட்டும் முற்பணமாகச் செலுத்துங்கள்" என்றோ, கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லுமாறோ கேட்பவர் எந்தக் கம்பனியையும் சேர்ந்தவரல்லர். இந்தியாவில் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அதிகாரிகள் என்றே கூறிக்கொண்டு இத்தகைய அழைப்புகள் பெருகியமையால், தாம் காப்புறுதி விற்பதில்லை என்று அச்சபை பொது அறிவித்தல் வெளியிட நேர்ந்தது.

மறுபக்கத்தையும் கூறாமல் விட முடியாது. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத மகன் ஓட்டி மோதிய வாகனத்தைத் தந்தை ஓட்டியதாகக் கூறுவது, பழைய கீறலைப் புதிய விபத்தில் சேர்ப்பது, வாகனத் திருத்துமிடத்தில் பட்டியலை ஊதிப் பெருக்குவது ஆகியன நம்மவரிடையே சாமர்த்தியமாகக் கருதப்படுகின்றன. தண்டனைச் சட்டக் கோவையின்படி இது ஏமாற்றுதல் என்னும் குற்றமாகும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முன்பின் அறியாத பிரமுகர்களின் உயிர் மீது காப்புறுதி எடுத்துவிட்டு அவர்களின் மரணத்துக்காகக் காத்திருக்கும் சூதாட்டம் நிலவியது. 1774ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. ஒருவரின் வாழ்வில் உண்மையான அக்கறை இல்லாதவர் அவர் மீது காப்புறுதி எடுக்கலாகாது என்ற விதி அவ்வாறுதான் சட்டமாயிற்று. பொய்க் கோரிக்கைக்கான பணம் கம்பனியின் பணம் என்று எண்ணுவோர், அது ஏனைய காப்புறுதிதாரர்கள் கட்டிய பணம் என்பதை மறந்து விடுகின்றனர். தகாபுல் முறையில் இது இன்னும் வெளிப்படையானது. அங்கு பொது நிதியமே பங்குபற்றுநர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதற்காக நன்கொடையாக வழங்கியதாகும். அதிலிருந்து பொய் கூறிப் பெறுவது அயலவரின் பணத்தை எடுப்பதேயன்றி வேறில்லை.

ஏமாற்றப்பட்டதாகக் கருதுபவர் முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். கிளை முகாமையாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது முறைப்பாடாகாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி அதன் சீட்டை வைத்துக் கொள்வது அவசியம். பதில் கிடைக்காவிடின் அல்லது கிடைத்த பதில் நியாயமற்றதாயின், 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ செல்லலாம். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். முகவர் பணத்தைக் கையாடியிருந்தாலோ கையொப்பத்தைப் போலியாக இட்டிருந்தாலோ பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு பதிவு செய்து அதன் இலக்கத்தைப் பெற வேண்டும். இந்த இடங்கள் அனைத்திலும் முதலில் கேட்கப்படுபவை பத்திரத்தின் பிரதி, நிரப்பிய படிவத்தின் பிரதி, பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள் ஆகிய மூன்றுமேயாகும். வெள்ளமும் தீயும் அடிக்கடி வரும் வீட்டில் அவற்றின் பிரதிகளை வேறொரு வீட்டிலும் வைத்திருப்பது நல்லது. மனைவி மக்களுக்கும் அவை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.